பாட்டில் தண்ணீர் வாங்குவதை விடுவது எப்படி: தொட்டியிலிருந்து மூடி வாஷர் வரை ஒரு முழு வழிகாட்டி

பல வீடுகளில் சமையலறை மேல்தட்டைத் திறந்தால் நாலைந்து தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த எவர்சில்வர் பாட்டில், அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்த ஃபிளாஸ்க், மூடி தொலைந்த பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு. அதே வீட்டுக்காரர் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது இருபது ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்குவார்.

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுத் தண்ணீர்மேல் முழு நம்பிக்கை இல்லை. கொண்டுபோனது தீர்ந்தால் எங்கே நிரப்புவது என்று தெரியாது. இருக்கிற பாட்டிலோ பைக்குள் ஒழுகும், இல்லையென்றால் மூடியைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும். இந்த மூன்றையும் சரி செய்யாமல் புது பாட்டில் வாங்கினால் அதுவும் மேல்தட்டுக்குத்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பாட்டில் வாங்குவது நான்காவது படியாகத்தான் வருகிறது.

படி 1: எங்கே வாங்குகிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு வாரம் போதும். வீட்டில் யார், எந்த இடத்தில், எதற்காகத் தண்ணீர் பாட்டில் வாங்கினார்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான்கு இடங்களில் அடங்கிவிடும்: பயணம், அலுவலகம், ஹோட்டல், வீட்டு விசேஷம். வீட்டில் குடிக்கவே பாட்டில் வாங்குகிறவர்கள் ஒரு சிலர். அவர்களுக்கு அடுத்த படிதான் முக்கியம். வாரத்துக்கு மூன்று நாள் ரயிலில் போகிறவருக்கும், வருடத்துக்கு ஒரு கல்யாணம் நடத்துகிறவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

கணக்கையும் போட்டுவிடுங்கள். வேலை நாளுக்கு ஒரு பாட்டில், இருபது ரூபாய், மாதம் 25 நாள் என்றால் ஐந்நூறு ரூபாய். நல்ல எவர்சில்வர் பாட்டிலின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே விற்கும் மூன்று நிறுவனங்களின் பாட்டில் தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. அதில் பத்தில் ஒன்பது பங்கு கண்ணுக்கே தெரியாத நானோ அளவு. உடம்புக்குள் போய் அவை என்ன செய்யும் என்பதில் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஆனால் 'பாட்டில் என்றால் சுத்தம்' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப இனி இடமில்லை. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 கடைசியில் பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுகளின் பட்டியலில் சேர்த்து, உற்பத்திக் கூடங்களுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு என்று அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பதினான்கு பொருள்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு, தண்ணீர் பாட்டில் இல்லை. பாக்கெட் போன இடத்தைச் சின்ன பாட்டில் பிடித்துக்கொண்டது.

படி 2: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கோயம்புத்தூரில் சிறுவாணி குடிக்கிறவருக்கும், ராமநாதபுரத்தில் உப்புத் தண்ணீரோடு போராடுகிறவருக்கும், தருமபுரியில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருக்கிறவருக்கும் பிரச்சினை வேறு வேறு. எல்லோருக்கும் ஒரே ஆர்.ஓ. இயந்திரத்தை விற்பது கடைக்காரருக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாநகராட்சிக் குழாயா, போர்வெல்லா, லாரியா, மூன்றும் கலந்ததா? அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் கலப்புதான்; கோடையில் கலப்பின் விகிதமும் மாறும். குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் போட்டுத்தான் வருகிறது. கெடுவது பெரும்பாலும் வழியில்: உடைந்த குழாயில், வாசலைத் தாண்டியதும் கீழ்த்தொட்டியில், பிறகு மொட்டைமாடித் தொட்டியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தொட்டிகளையும் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அலசி விடுங்கள். கீழ்த்தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழைநீரும் சாக்கடையும் இறங்காதபடி விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். பத்தாயிரம் ரூபாய் இயந்திரம் செய்யாததை இந்த வேலை செய்யும்.

அடுத்தது சோதனை. முந்நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. அது காட்டுவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவை மட்டும். கிருமி இருக்கிறதா, ஃபுளோரைடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர்கூட அந்த மீட்டரில் 'நல்ல' எண் காட்டலாம். இந்தியக் குடிநீர் தர அளவான ஐ.எஸ். 10500 சொல்வது இது: டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராம், அதிகம் போனால் 1.5. நைட்ரேட் 45.

முழுச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி யாரும் கொடுக்கலாம். எந்தக் குடுவையில் பிடிக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் சொல்லும் முறையில் பிடித்தால்தான் முடிவுக்கு அர்த்தம். வீட்டிலேயே ஒரு முதல் பார்வை பார்க்க, தண்ணீர் ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுப்பாக மாறிக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் குப்பிகளும் விற்கின்றன.

முடிவு கையில் வந்த பிறகு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

உப்பு குறைவு, கிருமி மட்டுமே பயம் என்றால் காய்ச்சுவது போதும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றும்போதுதான் மறுபடி கிருமி சேர்கிறது. காஸ் செலவு பார்க்கிறவர்கள் மின்சாரம் இல்லாமல் நுண்துளைச் சவ்வில் வடிக்கும் யு.எஃப். வடிகட்டியோ, மின்சாரத்தில் புற ஊதா ஒளி பாய்ச்சும் யு.வி. இயந்திரமோ வைக்கலாம். யு.வி.க்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலில் ஒளி ஊடுருவாது. அந்தக் காலத்து பீங்கான் 'கேண்டில்' வடிகட்டி கலங்கலை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வைரஸ் அதைத் தாண்டிவிடும், அதனால் வடித்த பிறகும் காய்ச்சுங்கள்.

டி.டி.எஸ். ஆயிரத்தைத் தொடுகிறது, அல்லது ஃபுளோரைடு கூடுதல் என்றால் ஆர்.ஓ. வேண்டும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் சற்றே கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறைகள் பட்டதற்குப் பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கும் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் தெருவுக்கு வருகிறது என்றால் குடிக்க அதையே பிடியுங்கள், போர்வெல் தண்ணீர் துணி துவைக்கட்டும்.

ஏற்கெனவே 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. வைப்பது வீண் என்பது என் கருத்து. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்கும்படிதான் சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே கொட்டும் இயந்திரங்கள் சாதாரணம். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், கழிவு நீர்க் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பி, வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்ய முடியாத வாடகை வீடு, லாரித் தண்ணீர் என்றால் இருபது லிட்டர் கேன்தான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேனும் திரும்பப் போய் நிரம்பி வருகிற பொருள்தான். ஆனால் வாங்கும்போது பாருங்கள்: மூடியின் சீல் முழுசாக இருக்கிறதா, நிரப்பிய தேதி படிக்கும்படி இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் உண்டா, கேன் கீறல் விழுந்து மங்கிப் போயிருக்கிறதா. வெயிலில் வண்டியில் நின்ற கேனை வாங்காதீர்கள். வாங்கியதை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், பாசி பிடிக்கும். கேன் மேல் செருகும் பம்பையும் குழாயையும் கழுவுகிறவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

படி 3: வீட்டில் எதில் வைப்பது

எவர்சில்வர் குடம் அல்லது குழாய் வைத்த டிரம், சந்தேகமில்லாத தேர்வு. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் குழாயில் பிடித்தால் பாதி வியாதி வராது. குழாய் இல்லாத குடம் என்றால் நீளக் காம்பு உள்ள கரண்டி ஒன்றை அதற்கென்றே வையுங்கள்.

மண்பானைக்கு நான் ரசிகன். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் காற்று உலர்ந்த வேலூரிலும் திருச்சியிலும் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். கடற்கரை ஈரக்காற்றில் சென்னையில் அவ்வளவு குளிராது. பானையைக் குறை சொல்லாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைப் பானை கிடைத்தால் நல்லது. எந்த ஊர்ப் பானையானாலும் உள்ளே வண்ணமோ வார்னிஷோ பூசாததாக வாங்குங்கள். புதுப் பானையை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிய பிறகு குடிக்க வையுங்கள். மணல் பரப்பிய தட்டில், காற்று வரும் மூலையில் வைக்க வேண்டும். சோப்பு கூடாது, மண் அதை உறிஞ்சிவிடும்; தேங்காய் நாரும் கல்லுப்பும் போதும். நாளாக ஆகத் துளைகள் அடைத்து, குளிர்ச்சி குறையும்போது மாற்றிவிடுங்கள். பானை தண்ணீரைக் குளிர்விக்கும், சுத்தம் செய்யாது. வெட்டிவேர் போட்டாலும் அப்படியே. மணக்கும், கிருமி சாகாது.

செம்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பாக்டீரியா குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதற்காக நாள் முழுக்கச் செம்புத் தண்ணீரே குடிக்கத் தேவையில்லை. எலுமிச்சை, மோர், பழச்சாறு எதையும் செம்பில் ஊற்றாதீர்கள். புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து இறங்கும், வயிற்றைப் புரட்டும். புளி போட்டுத் துலக்குவது சரி, துலக்கியதும் நன்றாக அலச வேண்டும். உள்ளே பளபளவென்று அரக்குப் பூச்சு கொடுத்து விற்கும் செம்பு பாட்டிலில் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை. அதற்குக் கூடுதல் விலை எதற்கு?

ஃபிரிட்ஜுக்குக் கண்ணாடி பாட்டில். அதில் பேச ஒன்றுமில்லை.

படி 4: கையில் கொண்டுபோகும் பாட்டில்

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல பதில் இருந்தது: கூஜா. திருகு மூடி, பிடி, பித்தளையிலோ எவர்சில்வரிலோ கனமான உடம்பு. ரயில் பயணம் என்றால் சாப்பாட்டுக் கூடையோடு கூஜாவும் போகும். 'கூஜா தூக்கி' என்று ஆளைத் திட்டும் வார்த்தை மட்டும் தங்கிவிட்டது, கூஜா பரணுக்குப் போய்விட்டது. குடும்பத்தோடு காரிலோ ரயிலிலோ போகிறவர்கள் அதை இறக்கிப் பார்க்கலாம்; ஆளுக்கொரு பாட்டிலைவிட இரண்டு லிட்டர் கூஜாவும் இரண்டு டம்ளரும் வசதி. பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தனியாகப் போகிறவருக்குப் பாட்டில். முதலில் அளவு. அலுவலகத்தில் நிரப்ப வசதி உண்டு என்றால் 750 மில்லி போதும். பஸ்ஸில், வெயிலில், களப்பணியில் இருப்பவருக்கு ஒரு லிட்டர். பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நுழையுமா என்று பையைக் கடைக்கே கொண்டுபோய்ப் பாருங்கள். குண்டான பாட்டில் பாக்கெட்டில் நுழையாமல் பைக்குள் படுத்து, புத்தகத்தை நனைக்கும்.

அப்புறம் வாய். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்துச் செய்யும் பாட்டில்கள் உதடு வைத்துக் குடிப்பதற்கானவை. நாம் அண்ணாந்து குடிக்கிறவர்கள். அகன்ற வாய் பாட்டிலை அண்ணாந்தால் பாதி சட்டைக்குத்தான் போகும். மிகக் குறுகிய வாய் என்றால் பிரஷ் நுழையாது. இரண்டு விரல் தாராளமாக நுழையும் வாயும், சற்றே வெளிப்பக்கம் வளைந்த விளிம்பும் இருந்தால் தண்ணீர் ஒரே தாரையாக விழும். கொஞ்சம் அற்பமான விஷயம் போலத் தோன்றும். தினமும் பயன்படுகிற பாட்டிலா, மேல்தட்டு பாட்டிலா என்பதை நிர்ணயிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உதடு படாத பாட்டிலை நண்பருக்கும் தயங்காமல் நீட்டலாம்.

பொருள் என்று பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர். இலகு, விழுந்தால் நசுங்கும், உடையாது. 304 ரகம் கேளுங்கள். அதில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை மலிவு, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் அசல் என்று கடைக்காரர் காட்டும் வித்தையை நம்ப வேண்டாம். 201-லும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது.

குளிர்ந்த தண்ணீரோ வெந்நீரோ அப்படியே வேண்டும் என்றால் இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் பாட்டில். கனம் கூடும், ஒரு லிட்டர் பாட்டில் காலியாகவே அரைக் கிலோவை நெருங்கும், நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிறவர் யோசிக்க வேண்டும். 'செம்புப் பூச்சு' என்று பெட்டியில் எழுதியிருந்தால், அந்தச் செம்பு இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருக்கிறது. சூடு வெளியேறாமல் தடுக்கத்தான். உங்கள் தண்ணீர் செம்புத் தண்ணீர் ஆகாது.

அலுமினியம் வேண்டாம். உள்பூச்சு கீறினால் பாட்டில் போச்சு. கண்ணாடி மேஜைக்கு, பைக்கு இல்லை.

பள்ளிக் குழந்தைக்குக் கனமில்லாத பிளாஸ்டிக் வேண்டுமென்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன், அல்லது டிரைட்டான். பி.பி.ஏ. என்ற சந்தேகத்துக்குரிய வேதிப்பொருள் கலந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் 7 என்ற எண்ணில் வரும். டிரைட்டானும் அதே 7-தான் என்பதால் பெயரைப் படித்துத்தான் வாங்க வேண்டும். எதிலும் வெந்நீர் ஊற்றாதீர்கள். உறிஞ்சுகுழாய் வைத்த கார்ட்டூன் பாட்டிலைக் குழந்தை கேட்கும். அந்தக் குழாய்க்குள் கறுப்பு பூஞ்சை படிவதைப் பார்த்த தாய்மார்கள் இரண்டாவது முறை வாங்க மாட்டார்கள்.

கடையில் வாங்கிய பெட் பாட்டிலையே திரும்பத் திரும்ப நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். அவசரத்துக்கு ஒருநாள் சரி. மெல்லிய சுவர், குறுகிய வாய், உள்ளே கழுவ வழியில்லை, காரில் வெயிலில் கிடந்தால் சூடேறும். மாதக்கணக்கில் ஓட்ட அது செய்யப்படவில்லை. குப்பையில் போடும்போது கசக்கிப் போடுங்கள்; முழுசாகப் போட்டால் யாரோ பொறுக்கி, எந்தத் தண்ணீரையோ நிரப்பி, மூடி ஒட்டி விற்க வழி உண்டு.

படி 5: கடையில் ஐந்து நிமிடம்

உலோகத் தண்ணீர் பாட்டில்களுக்கு ஐ.எஸ். 17803, ஃபிளாஸ்க் வகைக்கு ஐ.எஸ். 17526 என்று தர அளவுகள் வந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணைகளும் 2023-இல் வெளியாயின. முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். '304' என்று லேசரில் பொறிப்பது யாருக்கும் சுலபம், இந்த எண்ணில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

மூடியைத் திறந்து மூக்கை வையுங்கள். எண்ணெய் வாடையோ ரப்பர் வாடையோ தூக்கலாக அடித்தால் அடுத்ததை எடுங்கள். விளிம்பில் விரலை ஓட்டிப் பிசிறு பாருங்கள். தண்ணீர் நிரப்பி, மூடி, தலைகீழாகச் சில நிமிடம் பிடியுங்கள். பாத்திரக் கடையில் இதற்கு மறுக்க மாட்டார்கள். ஃபிளாஸ்க் என்றால் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் சூடு தெரிந்தால், சூட்டைக் காக்க இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடம் போய்விட்டது. இணையத்தில் வாங்கினால் வீட்டுக்கு வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்து, தேவையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

மூடிக்குள் இருக்கும் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு பாட்டிலின் ஆயுள் அந்த இருபது ரூபாய் வளையத்தில் இருக்கிறது. கிளம்புமுன் அங்கேயே பெயர் வெட்டச் சொல்லுங்கள். நம் பாத்திரக் கடைகளுக்கே உரிய இந்தச் சேவையைப் போல, அலுவலகத்திலும் பள்ளியிலும் பாட்டில் தொலையாமல் காக்க வேறு வழி இல்லை. ஃபிளாஸ்க் பாட்டிலுக்கு மட்டும் வெட்ட வேண்டாம், ஸ்டிக்கர் போதும்.

படி 6: கழுவுவது

புது எவர்சில்வரில் மெருகு போட்ட மசகு மிச்சம் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, சமையல் சோடா ஒரு கரண்டி போட்ட வெந்நீரை அரை மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள்.

பிறகு தினமும் இரவில் சோப்பும் நீளப் பிரஷும். கவிழ்த்து, மூடியில்லாமல், முழுக்க உலர விடுங்கள். 'தண்ணீர்தானே ஊற்றினோம், எதற்குக் கழுவ வேண்டும்' என்ற எண்ணத்தில்தான் வழுவழுப்பு படிகிறது. வாரம் ஒருமுறை வாஷரை ஊசியாலோ கரண்டிக் காம்பாலோ நெம்பி எடுத்து, அதன் அடியில் தேயுங்கள். வாடை அடிப்பது பாட்டிலில் இல்லை, பத்துக்கு ஒன்பது தடவை வாஷருக்கு அடியில்தான். வெள்ளையாக உப்புப் படிந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீர். குறுகிய வாய் என்றால் ஒரு கைப்பிடி பச்சரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். எவர்சில்வருக்கு பிளீச்சிங் பவுடர் ஆகாது, புள்ளி விழும்.

படி 7: வெளியே எங்கே நிரப்புவது

தினமும் போகிற வழியில் நம்பிக்கையான இரண்டு இடங்களைக் கண்டுபிடித்து வையுங்கள். சென்னையில் 2025-இல் குடிநீர் வாரியம் 50 இடங்களில் இலவசக் குடிநீர் ஏடிஎம்களை வைத்தது. 150 மில்லியும் பிடிக்கலாம், ஒரு லிட்டரும் பிடிக்கலாம். பெரிய கோயில்கள், மருத்துவமனைகள், மால்களில் வடிகட்டி வைத்த குழாய்கள் இருக்கும். கோடையில் தண்ணீர்ப் பந்தல் எங்கும் உண்டு. பானைக்குள் டம்ளர் மிதந்தால் தாண்டிப் போய்விடுங்கள், குழாய் வைத்திருந்தால் நிரப்புங்கள்.

ஹோட்டலில் உட்கார்ந்ததும் "பாட்டில் தண்ணியா, சாதாவா?" என்று கேட்பார்கள். அந்தத் தொனியே 'சாதா' என்று சொல்லக் கூச வைக்கும். "கையில இருக்கு, தம்பி" என்று பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

நீலகிரிக்குப் போகிறவர்களுக்குச் சொந்த பாட்டில் விருப்பமே இல்லை, கட்டாயம். 2019 முதல் அங்கே சின்ன தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. வழிநெடுக ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திருமலையிலும் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. விமான நிலையத்தில் காலி பாட்டிலோடு சோதனையைத் தாண்டி, உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். இரவு ரயிலுக்கு வீட்டிலிருந்தே முழுசாக நிரப்பிப் போவதுதான் புத்திசாலித்தனம். நடுவழியில் தீர்ந்து, பிளாட்பாரக் குழாயைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை என்றால் ரயில்வே விற்கும் 'ரயில் நீர்' பாட்டில் வாங்குங்கள். 2025 செப்டம்பரில் லிட்டர் 15-லிருந்து 14 ரூபாய் ஆனது.

மஞ்சள் காமாலையோ வயிற்றுப்போக்கோ பரவும் ஊரில், கைக்குழந்தையோடு பயணத்தில், வெள்ள நாளில் பாட்டில் வாங்கத் தயங்காதீர்கள். அப்போதும் அரை லிட்டர் நான்கு வாங்குவதற்குப் பதில் இரண்டு லிட்டர் ஒன்றாக வாங்கி, உங்கள் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். மலையேற்றம் போகிறவர்கள் குளோரின் மாத்திரை பட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். அட்டையில் சொன்ன அளவுக்குப் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும்.

படி 8: கல்யாணமும் மற்ற விசேஷங்களும்

வருடம் முழுக்க நீங்கள் மிச்சம் பிடித்த பாட்டில்கள் ஒரே ஒரு பந்தியில் போய்விடும். இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைக்கிறார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இலை எடுக்கிறவர் பாதித் தண்ணீரோடு சேர்த்து அள்ளிப் போடுகிறார். சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையைவிடச் செலவான பாட்டில் எண்ணிக்கை அதிகமாக இருக்கும், ஏனென்றால் பக்கத்து இலையில் இருப்பதையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

மாற்று கடினமில்லை, முன்கூட்டியே பேச வேண்டும். மண்டபம் பேசும்போதே எவர்சில்வர் டம்ளர் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பந்திக்கு எத்தனை இலையோ அதைப்போல இரண்டரை மடங்கு டம்ளர் இருந்தால், ஒரு பங்கு இலையில், ஒரு பங்கு கழுவுமிடத்தில் என்று சுழலும். குறைந்தால் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில் கிடைக்கும். சமையல் ஒப்பந்தக்காரரிடம் தண்ணீர் ஊற்றவென்றே ஆள் சேர்த்துப் பேசுங்கள். வரிசைக்கு ஒருவர், கையில் மூக்கு வைத்த ஜக். சாம்பார் வாளி தூக்குகிறவரையே தண்ணீரும் ஊற்றச் சொன்னால் தண்ணீர் வராது, விருந்தாளி பாட்டில் கேட்பார். டம்ளர் கழுவும் இடத்தில் வெந்நீர் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளர் வேண்டாம், அது 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கிறது.

தண்ணீர் இருபது லிட்டர் கேனில் வரட்டும். பந்தியில் ஆளுக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் ஆயிரம் பேருக்கு 25 கேன். வரவேற்பு, மேடை, சமையல்கட்டு எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து சொல்லுங்கள். சீல் உடைக்காத கேனைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேன்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் கூடுதலாகச் சொல்லவும் பயமில்லை.

பெரியவர்கள் "பாட்டில் வைக்காவிட்டால் கஞ்சத்தனம் என்று பேசுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்பார்கள். அப்போது விவாதம் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் அறைகளுக்குக் கண்ணாடிக் குடுவையும் வெள்ளி டம்ளரும் வைத்துவிடுங்கள், பந்தியில் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரும் ஒரு ஜக்கில் வரட்டும்.